பழைய பேஸ் கிட்டாரின் கழுத்து

சுங்கை வே, பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரங்களில் பொழுதுபோக்காக இசைக்கும் தமிழ் இளைஞர்களிடம், பாடலின் கீழ்ச்சுரத்தையும் தாளத்தையும் ஒருசேரத் தாங்கும் நான்கு தந்திக் கருவியான பேஸ் கிட்டார், பல வேளைகளில் முடா, கரோசெல் போன்ற இணையச் சந்தைகளின் வழியே கைமாறித்தான் வந்து சேர்கிறது. இளையராஜாவின் பாடல்களில் அது தனியொரு மெட்டாகவே நடப்பதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதன்மேல் பற்று எழுவது இயல்பே.

1951இல் லியோ ஃபெண்டரின் நிறுவனம் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ் வகுத்த 34 அங்குலத் தந்தி நீளமே இன்றும் பொது அளவாக நிலைக்கிறது. நான்கு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 75 கிலோ இழுவிசையைச் செலுத்துவதால், அதை எதிர்த்து நிற்கக் கழுத்தினுள் ‘டிரஸ் ராட்’ என்னும் எஃகுக் கம்பி பொருத்தப்படுகிறது. ஆயினும் வெளியே ஈரக்காற்றும் குளிர்சாதன அறையில் வறட்சியும் மாறிமாறித் தாக்கும்போது மரம் அசைந்து கழுத்து வளையவே செய்யும்.

ஆகவே வாங்குபவர் மேற்பூச்சில் மயங்காமல், தடித்த தந்தியை முதல் ஃபிரெட்டிலும், அதாவது விரற்பலகையில் பதித்த முதல் உலோகப் பட்டையிலும், கடைசி ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடித்து, ஏழாவது ஃபிரெட்டுக்கும் தந்திக்கும் இடையே தெரியும் இடைவெளியை நோக்க வேண்டும். முகவரி அட்டை ஒன்று நுழையும் அளவு இருந்தால் நலம். இடைவெளி அதனினும் மிகுந்து, டிரஸ் ராடின் திருகும் முற்றிலும் இறுகியிருந்தால், விலை எத்தனை மலிவாயினும் மறுப்பதே சரி.

சிறுகச் சிறுக வெள்ளி சேர்த்து வரும் பதின்ம வயதினரிடம் இக்குறையை மறைப்பது அநியாயம். விற்பவர்கள் கழுத்தின் பக்கவாட்டுப் படத்தையும் விளம்பரத்தில் சேர்த்திடுக.