துடைத்தெடுக்கிற வேலை

பளபளவென்று வார்னிஷ் போட்ட கிட்டார் நெக் என் கைக்கு ஒத்துவந்ததே இல்லை. வியர்த்த கையோடு மேலே கீழே போகும்போது கட்டைவிரல் ஒட்டி இழுக்கும். அதனால்தான் என் மேப்பிள் நெக்கின் பின்புறத்தை மட்டும் சுரண்டி, எண்ணெய் தேய்க்கத் தொடங்கினேன்.

எல்லா எண்ணெயும் இதற்கு ஆகாது. தேங்காய் எண்ணெய் மாதக்கணக்கில் கிடந்தாலும் உலராது. ஆளிவிதை எண்ணெயும் டங் எண்ணெயும் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறுகுபவை. துப்பாக்கிக் கட்டைக்கென்று வந்த ட்ரூ ஆயிலும் ஆளிவிதை எண்ணெய் சேர்ந்ததுதான். நான் விரும்பி எடுப்பது அதை.

220 உப்புத்தாளில் தொடங்கி 320, 400 என்று போவேன். பிறகு ஈரத்துணியால் ஒரு முறை துடைப்பேன். படுத்துக்கிடந்த நார்களெல்லாம் சிலிர்த்து எழும்பும். காய்ந்ததும் அவற்றை மறுபடி 400-ஆல் சீவிவிட்டால், எண்ணெய் பட்ட பிறகு மரம் சொரசொரக்காது.

பழைய பனியன் துணியில் சில துளிகள் போதும். உள்ளங்கை சூடேறும்வரை தேய்க்க வேண்டும். மேப்பிளின் ரேகைகள் ஒவ்வொன்றாகத் துலங்கிவரும் அந்த நேரத்துக்காகவே இந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யலாம். ஆனால் அசல் வேலை பத்து நிமிடம் கழித்துத்தான்: மேலே நிற்கும் எண்ணெய் முழுவதையும் துடைத்தெடுப்பது. முதல் முறை எனக்கு மனசு வரவில்லை. ஈரப் பளபளப்பில் அவ்வளவு அழகாக இருந்தது, அப்படியே விட்டுவிட்டேன். மழைக்காலம் வேறு. ஒரு வாரமாகியும் பிசுபிசுப்பு போகவில்லை, தொட்ட இடமெல்லாம் கைரேகை. எல்லாவற்றையும் தேய்த்தெடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். இப்போது துணியில் ஈரமே ஏறாத அளவுக்குத் துடைக்கிறேன்.

பூச்சுக்குப் பூச்சு ஒரு நாள் இடைவெளி, ஐந்தாறு பூச்சு. மூன்றாவது பூச்சில் மட்டும் 600 உப்புத்தாளை எண்ணெயில் தொட்டுத் தேய்ப்பேன். மரத்தூள் எண்ணெயோடு குழைந்து நுண்துளைகளில் இறங்கும்.

துணியைக் கசக்கி மூலையில் போடவே கூடாது. எண்ணெய் இறுகும்போது சூடு பிறக்கிறது. சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு தங்கித் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். கொடியில் விரித்துக் காயவைக்கிறேன்.

கடைசியில் 0000 ஸ்டீல் வுல், ரேகையின் போக்கிலேயே. நெக்கைக் கழற்றிவிட்டுச் செய்வது நல்லது, பிக்கப் காந்தம் இரும்புத்தூளை விடாது. அதன்மேல் தேன்மெழுகு மெல்லிசாக. இதற்குப் பிறகு கைக்குப் படுவது பூச்சு அல்ல, மரம்.

தடித்த வார்னிஷ் அளவுக்கு இது ஈரத்தைத் தடுக்காது. ஆனால் தேய்ந்த இடத்தில் மட்டும் எண்ணெய் வைத்தால் ஒட்டுப்போட்டது தெரியாது. மூன்றாம் ஃப்ரெட்டுக்குப் பின்னால், கட்டைவிரல் எப்போதும் தங்கும் இடம் லேசாக அழுக்கேறி வெளிறியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அங்கே இரண்டு துளி வைக்க வேண்டும்.