தடித்த எழுத்தா, துணிந்த சொல்லா?

இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். சொந்தத் தொழில் செய்யும் பிள்ளைகள் கட்டாயம் முழுதும் படியுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த மாணவன் ஒருவன் முடிச்சூர் பக்கம் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். பெயர் சொன்னால் கூச்சப்படுவான். மாதம் ஒரு மடல் அச்சடித்து வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கிறான், வாட்ஸ்அப்பிலும் அனுப்புகிறான். ஒன்றரை வருடமாகியும், கேட்டு வாங்குகிறவர்கள் எண்பது பேரைத் தாண்டவில்லை. போன மாதம் வீட்டுக்கு வந்து, "டீச்சர், இன்னும் தூக்கலா, தைரியமா இருக்கணும்னு சொல்றாங்க. கொஞ்சம் திருத்திக் குடுங்க" என்றான்.

வாங்கிப் பார்த்தேன். சிவப்பிலும் மஞ்சளிலும் தடித்த எழுத்து. எட்டு வரியில் பதினோரு வியப்புக்குறி. தாம்பரத்திலேயே நம்பர் ஒன், தரத்தில் முதலிடம், இப்படியே போகிறது. கடைப் பெயரை விரலால் மறைத்துக்கொண்டு, "இது யார் கடை, சொல்லு?" என்றேன். சிரித்துவிட்டான். ஜவுளிக்கடைக்கும் அதே வரிகள் பொருந்தும்.

அவனுக்கு இரண்டு பழைய கதைகள் சொன்னேன்.

பூதூர் வைத்தியநாதய்யர் 1926-ல் தொடங்கிய ஆனந்த விகடன் நலிந்த நிலைக்கு வந்தபோது, 1928-ல் எஸ்.எஸ்.வாசன் அதை வாங்கினார். எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் எட்டு எழுத்துக்கு 200 ரூபாய் கொடுத்தார் என்று சொல்வார்கள். வாசன் விளம்பரத் தொழில் தெரிந்தவர். பரிசுப் பணத்தோடு குறுக்கெழுத்துப் போட்டி வைத்தார், வாசகர்கள் குவிந்தார்கள். ஆனால் போட்டிக்காக வந்தவர்களைத் தங்க வைத்தது கல்கியின் எழுத்தும் மாலியின் படங்களும் தேவனின் நகைச்சுவையும்தான்.

அடுத்தவர் சி.பா.ஆதித்தனார். லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்றவர். 1942-ல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கினார். தலைப்புகள் பெரிதுதான். ஆனால் அவருடைய உண்மையான துணிச்சல், பேச்சுக்குப் பக்கத்திலிருக்கும் எளிய தமிழில், சின்னச் சின்ன வாக்கியங்களில் எழுதியது. டீக்கடைப் பெஞ்சில் அந்தப் பேப்பரை எழுத்துக்கூட்டிப் படித்தே வாசிக்கப் பழகியவர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்!

கதையை முடித்துவிட்டு, "உன் தொழில்ல உனக்கு நல்லாத் தெரிஞ்சு, ஜனங்ககிட்ட சொல்லத் தயங்குற விஷயம் எது?" என்று கேட்டேன்.

வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னான்: "மழைத் தண்ணியில முங்கின மோட்டார் பலதை மாத்தவே வேணாம் டீச்சர்."

2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். தண்ணீர் வடிந்ததும் மோட்டார் ஓடுகிறதா என்று சுவிட்சைப் போட்டுப் பார்ப்பார்கள். ஈரத்தோடு ஓட்டும்போதுதான் காயில் கருகும். போடாமல் விட்டால், கழற்றி, சுத்தம் செய்து, நன்றாகக் காயவைத்து, மெகர் கருவியில் இன்சுலேஷனைச் சோதித்து, பேரிங்கைப் பார்த்துவிட்டு மறுபடி ஓட்டலாம். கருகிப் போயிருந்தாலும் ரீவைண்டிங் உண்டு.

"அதையே எழுது" என்றேன்.

அவன் முகம் மாறிவிட்டது. "மழை சீசன்லதான் புது மோட்டார் விக்கும் டீச்சர். பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும்."

இது விளையாட்டில்லை. அவன் அடுப்பு எரிய வேண்டும். "வீட்டுல பேசி முடிவு பண்ணுப்பா" என்று அனுப்பினேன்.

நான்கு நாள் கழித்து மனைவியோடு வந்தான். கடைக் கணக்கு பார்ப்பது அந்தப் பெண்தான். "புது மோட்டார்ல நமக்கு நிக்கிறது கொஞ்சம்தாங்க டீச்சர். அதே மோட்டார் ஆன்லைன்ல இன்னும் கம்மிக்கு வருது. கைவேலைக் கூலி முழுசா நம்மளது. எழுதட்டும்" என்றாள். பத்து வருடம் கணக்கு எழுதிய கை அது.

மூவரும் உட்கார்ந்து எழுதினோம். கறுப்பு மையில் ஒரே தலைப்பு: "தண்ணீரில் மூழ்கிய மோட்டாரை ஓட்டிப் பார்க்காதீர்கள்." கீழே, முதலில் மெயினை அணைப்பது முதல் செய்ய வேண்டியவை வரிசையாக. பிறகு காயவைக்க என்ன கூலி, ரீவைண்டிங்குக்கு என்ன கூலி, எப்போது புதிது வாங்கியே ஆக வேண்டும் என்பது. வியப்புக்குறி ஒன்றுகூட இல்லை.

இரண்டு வாரத்தில் முப்பத்தைந்து பேர் புதிதாகப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பலர் குடியிருப்புச் சங்கத்துக்காரர்கள். வேறொரு கடைக்காரர், "தொழிலைக் கெடுக்கிறியே" என்று திட்டியிருக்கிறார். லாபமா நஷ்டமா என்பது ஐப்பசி மழைக்குப் பிறகுதான் தெரியும்.

பிள்ளைகளே, தையல் கடையோ, டியூஷன் சென்டரோ, கேட்டரிங்கோ, எதுவானாலும் உங்கள் விளம்பரத்தில் பெயரை மறைத்துவிட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். உங்கள் கடை என்று தெரிகிறதா? துணிச்சல் என்று அடுத்த கடையைத் திட்டாதீர்கள். இல்லாததைச் சொல்லாதீர்கள், ஏமாற்று விளம்பரத்துக்கு 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதமும் உண்டு. சட்டம் இருக்கட்டும், அக்கம்பக்கத்தில் தொழில் செய்கிறவர்களுக்கு நம்பிக்கைதான் முதல். ஒருமுறை போனால் திரும்ப வராது.

எல்லோரும் நலமாக இருங்கள். மழை வருகிறது, மொட்டை மாடிக் குழாய் அடைப்பைப் பார்த்து வையுங்கள்.