கால் கிலோ பருப்பு

எங்கள் திருமங்கலத்தில் ரோடே இரண்டாகப் பிரியும். ஒன்று கன்னியாகுமரிக்கு, இன்னொன்று கொல்லத்துக்கு. அந்த ஊர் ராசி இப்போது வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது! மகள் தன் சம்பளத்தில் மேக்புக் ஏர் லேப்டாப் வாங்கப் போகிறாள். 13 அங்குலமா, 15 அங்குலமா?

"பெரிசே வாங்கும்மா, கண்ணுக்கு நல்லது" என்றேன்.

"தினமும் மதுரைக்குச் சுமக்கப் போறது நான்ப்பா!"

நியாயம்தான். சின்னது 1.24 கிலோ, பெரிசு 1.51 கிலோ. பாட்டரி இரண்டுக்கும் 18 மணி நேரம் என்கிறது கம்பெனி. 2025 மார்ச்சில் எம்4 வந்தபோது விலை வித்தியாசம் 25,000 ரூபாய்.

சோதித்துப் பார்த்துவிட்டோம். பெரிசின் அகலத்துக்கு 34 சென்டிமீட்டரில் ஓர் அட்டை, எடைக்கு ஒன்றரை கிலோ துவரம்பருப்பு. பையில் போட்டு டவுன் பஸ் ஏறினோம். கப்பலூர் தாண்டியும் நின்றபடிதான். திருநகரில் இடம் கிடைத்ததும் மடியில் அட்டையை வைத்தாள்.

"தாயி, அதைக் கொஞ்சம் ஒடுக்கு, இடிக்குது" என்றார் பக்கத்து ஸீட் பாட்டி.

பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது தோளைத் தேய்த்துக்கொண்டாள்.

மறுநாள் 30 சென்டிமீட்டர் அட்டை, கால் கிலோ குறைவு. யாரும் முணுமுணுக்கவில்லை. தோளும்தான்!

மேஜையிலேயே வைத்திருப்பவருக்குப் பெரிசு. பஸ்ஸில் போகிறவருக்குச் சின்னதுதான். மிச்சமாகும் பணத்தில் வீட்டுக்கு ஒரு பெரிய மானிட்டர். என் கண்ணுக்கும் ஆச்சு.

குறைத்த கால் கிலோ அன்றே சாம்பாராகிவிட்டது.