எதிர்காற்று

எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்றுதான் நாற்பத்தேழு வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் கறுப்பு ஹெர்குலிஸில் குரங்குப் பெடல் போட்டு, மயிலாப்பூர் மாட வீதிகளில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு கற்ற வித்தை அது. கல்லூரி வரை கூடவே வந்தது. பிறகு இருபத்தைந்து வருடங்கள் அதைத் தொடவில்லை. நீச்சலைப் போலச் சைக்கிளும் மறக்காது என்பார்கள். உண்மைதான், மறக்கவில்லை. ஆனால் நான் கற்றிருந்தது தனியாக ஓட்டுவதற்கு மட்டுமே. இன்னொருவரோடு சேர்ந்து ஓட்டுவது முற்றிலும் வேறு வித்தை என்பதை 2023-ஆம் வருடக் கோடையில்தான் அறிந்தேன்.

அந்த வருடம் மார்ச் மாதத்தில் என் சர்க்கரை அளவைப் பார்த்த மருத்துவர் தினமும் நடக்கச் சொன்னார். நடை எனக்கு அலுப்பூட்டும் விஷயம். அலுவலக நண்பர் ஒருவர், அடையாறு மயிலாப்பூர்ப் பகுதிக்காரர்கள் கூடி நடத்தும் ஒரு சைக்கிள் குழுவைப் பற்றிச் சொல்லி, தன்னுடைய பழைய பந்தயச் சைக்கிளையும் பாதி விலைக்கு என் தலையில் கட்டினார். குழு என்றால் பெரிய அமைப்பு ஒன்றுமில்லை. இருபது, இருபத்தைந்து பேர். பாதிப் பேர் மென்பொருள்காரர்கள். மீதியில் வங்கிக் காசாளர் ஒருவர், பல் மருத்துவர் ஒருவர், கல்லூரி மாணவர்கள் நாலைந்து பேர், மந்தைவெளியில் மாவு மில் வைத்திருக்கும் ஒருவர். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் ஒரு சட்டை. அதன் முதுகில் மூன்று பைகள், வாழைப்பழம் வைத்துக்கொள்ள. சனிக்கிழமை இரவு அந்தச் சட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். என் மனைவி ஒன்றும் சொல்லாமல் சமையலறைக்குள் போய்விட்டாள். சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் விடிகாலை நாலரைக்குக் கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் லஸ் முனையில் பால் வண்டிகளும் செய்தித்தாள் கட்டுகளும் தவிர எதுவும் இருக்காது. ராமகிருஷ்ண மடம் சாலை வழியாக மந்தைவெளியைத் தாண்டி, மெட்ரோ ரயில் பணிக்காக வைத்திருந்த தடுப்புகளை ஒட்டி நெளிந்து, திரு.வி.க. பாலத்தில் ஏறினால் அடையாற்றின் வாடை முகத்தில் அடிக்கும். திருவான்மியூரில் மற்றவர்கள் காத்திருப்பார்கள். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை. நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், உத்தண்டி, முட்டுக்காடு, கோவளம். முடிந்தவர்கள் மாமல்லபுரம் வரை போவார்கள். போக மட்டும் சுமார் 45 கிலோமீட்டர். எட்டரை மணிக்குள் திரும்பிவிட வேண்டும். அதற்குப் பிறகு சென்னை வெயிலோடு யாரும் வாதாட முடியாது.

முதல் வாரமே விழுந்தேன். அந்தச் சைக்கிளின் மிதிகட்டையில் காலணி பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் விடுபடும். அடையாறு சிக்னலில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது திருப்ப மறந்துவிட்டேன். ஓடும்போது விழுந்தால் ஒரு மரியாதை உண்டு. நான் நின்ற இடத்திலேயே வெட்டிய வாழை மாதிரி மெதுவாகச் சாய்ந்தேன். பூக்கூடையோடு பேருந்துக்காக நின்றிருந்த அம்மாள் ஓடி வந்து தூக்கிவிட்டு, ‘சாப்டாம வந்தியா கண்ணு?’ என்று கேட்டார். அந்தக் கேள்வி குழுவுக்குள் பரவி, கோடை முழுவதும் என்னோடு வந்தது.

ஆனால் விழுந்து எழுவது எளிது. கடினமானது சக்கரம் பிடிப்பது. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கும் உங்கள் முன்சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி இருக்க வேண்டும். அவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போவார், நீங்கள் அந்தக் கிழிசலுக்குள் புகுந்து போவீர்கள். சமதரையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் செலவிடும் ஆற்றலில் பெரும்பங்கைக் காற்றே தின்றுவிடுகிறது. காற்றின் தடை வேகத்தின் இருமடியாக வளரும், அதை வெல்லத் தேவைப்படும் ஆற்றலோ மும்மடியாக. இன்னொருவரின் முதுகுக்குப் பின்னால் நெருங்கிப் போனால் அந்த உழைப்பில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை மிச்சமாகும். ஆனால் அவர் பிரேக்கைத் தொட்டால் நீங்கள் அவர்மேல் விழுவீர்கள். ஆகவே அவர் தொடக்கூடாது. வழியில் குழி இருந்தால் கையைக் கீழே நீட்டிக் காட்ட வேண்டும். உங்களுக்கோ குழி தெரியாது. அவருடைய கை மட்டும்தான் தெரியும். முன்பின் அறியாத ஒருவரை அந்த அளவுக்கு நம்புவதற்கு எனக்கு ஆறு வாரங்கள் ஆயின.

முன்னால் போகிறவருக்கு இதில் என்ன லாபம்? ஒன்றுமில்லை. அதனால்தான் முறை வைத்துக்கொள்கிறார்கள். ஒரு நிமிடம் முன்னால் இழுத்துவிட்டு ஒதுங்கி வரிசையின் கடைசிக்கு வந்துவிட வேண்டும். 1903-இல் தொடங்கிய பிரெஞ்சு நாட்டின் ‘தூர் த பிரான்ஸ்’ பந்தயத்தில் தலைவனுக்காகக் காற்றை வாங்கிக்கொண்டு ஓட்டுகிறவரை ‘தொமெஸ்தீக்’ என்கிறார்கள். வீட்டு வேலைக்காரன் என்று பொருள். 1911-இல் மோரிஸ் ப்ரோக்கோ என்ற வீரர் தன் வெற்றியை விட்டுவிட்டு மற்றவருக்காக ஓட்டியபோது, பந்தயத்தை நிறுவிய ஹென்றி தெக்ராஞ்ஜ் வசையாக வீசிய சொல் அது. இன்று அது ஒரு தொழிலின் பெயர். வசைச் சொற்கள் இப்படிச் சில சமயம் கௌரவம் பெற்றுவிடுகின்றன.

காற்றைப் பற்றி யோசிக்கத் தொடங்கியபோதுதான் அப்பாவின் நினைவு வந்தது. சென்னையில் கோடைக்காலக் காலை நேரங்களில் கரையோரமாகத் தெற்கிலிருந்து காற்று வரும். மாமல்லபுரம் நோக்கிப் போகும்போது முகத்திலும், திரும்பும்போது முதுகிலும் வாங்கலாம். மே, ஜூனில் மேற்கிலிருந்து தரைக்காற்று வலுக்கும். நண்பகலுக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து உள்ளே நுழையும். மேற்குக் காற்று மிகவும் வலுத்த நாட்களில் கடற்காற்றுக்கு வழி கிடைக்காது. நகரம் நாற்பது டிகிரியைத் தாண்டுவது அப்படிப்பட்ட நாட்களில்தான்.

அப்பா முப்பத்தைந்து வருடங்கள் மயிலாப்பூரிலிருந்து கிண்டித் தொழிற்பேட்டைக்குச் சைக்கிளில் போய்வந்தவர். 1958-இல் தொடங்கப்பட்ட அந்தத் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பட்டறையில் ஃபிட்டராக இருந்தார். சாயங்காலம் வீடு வந்ததும் திண்ணையில் உட்கார்ந்து, ‘போறப்பவும் எதிர்காத்து, வர்றப்பவும் எதிர்காத்து’ என்பார். நாங்கள் சிரிப்போம். காற்று எப்படி இரண்டு பக்கமும் எதிரே அடிக்கும்? பெரியவர்கள் அலுப்பைச் சொல்லும் விதம் என்று எடுத்துக்கொண்டோம். இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலையில் சர்தார் படேல் சாலையில் அவர் மேற்கு நோக்கிப் போகிறார், தரைக்காற்று மேற்கிலிருந்து வருகிறது. மாலையில் கிழக்கு நோக்கித் திரும்புகிறார், கடற்காற்று கிழக்கிலிருந்து வருகிறது. கோடை முழுவதும் அவர் சொன்னது வெறும் உண்மை. நாற்பது வருடங்கள் கழித்து அது எனக்குப் புரிந்தது. அன்றிலிருந்து, இருபது கிலோ எடையுள்ள இரும்புச் சைக்கிளில், இரண்டு திசையிலும் காற்றுக்கு எதிராக, தனியாகப் போய்க்கொண்டிருக்கும் ஒரு மனிதரின் சித்திரம் எனக்குள் தங்கிவிட்டது. ஓட்டும்போதெல்லாம் அது கூட வந்தது. கொஞ்சம் குற்ற உணர்வும்.

மே 28 ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குள் ஒரு போட்டி வைத்துக்கொண்டோம். நால்வர் கொண்ட அணிகள். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்ப வேண்டும். மூன்றாவதாக வருகிறவரின் நேரம்தான் அணியின் நேரம். எங்கள் அணிக்கு ஐம்பத்தைந்து வயதான காசாளர் தலைவர். ஒரு கல்லூரி மாணவன், நான், பிறகு பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்க்கும் ஒரு பெண். அவள் புதுக்கோட்டைக்காரி. 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்ற ஆயிரக்கணக்கான பெண்களில் அவளுடைய அம்மாவும் ஒருவர். புறப்படுமுன் தேநீர்க் கடையில் அதைச் சொன்னாள். ‘அம்மா சொல்வாங்க சார், ஒருத்தியாப் போனா கேலி பண்ணுவாங்க, பத்துப் பேராப் போனா வழி விடுவாங்கன்னு.’

காற்று அன்று தெற்கிலிருந்து பலமாக அடித்தது. திருவிடந்தையைத் தாண்டும்வரை முறை ஒழுங்காக நடந்தது. வடநெம்மேலியில் முதலைப் பண்ணைக்கு அருகே என் முறை வந்தது. ஒரு நிமிடம் ஆயிற்று. கால்கள் நன்றாகவே இருந்தன. இன்னும் ஒரு நிமிடம் இழுத்தேன். பின்னாலிருந்து காசாளர், ‘போதும், ஒதுங்குங்க’ என்றார். கேட்காதவன் போல மூன்றாவது நிமிடமும் இழுத்தேன். அப்பாவைப் போலக் காற்றில் தனியாக நிற்பதாக எனக்கு ஒரு நினைப்பு. ஒதுங்கியபோது கால்களில் ஒன்றும் மிச்சமில்லை. வரிசை என்னைத் தாண்டிப் போனபோது கடைசிச் சக்கரத்தைப் பிடிக்க முடியவில்லை. ஒரு முழம் இரண்டு முழமாயிற்று, பிறகு பத்தடி. அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். போங்கள் என்று கையைக் காட்டினேன். போனார்கள். அவர்கள் மூவராகப் போய்ச் சேர்ந்தால் போதும், அதுதான் விதி. என்றாலும் அந்த மூன்று முதுகுகள் சிறிதாகிக்கொண்டே போனதைப் பார்த்தபோது பள்ளியில் தனியே விடப்பட்ட சிறுவனைப் போலத் தொண்டை அடைத்தது.

நெம்மேலி கழிந்து பட்டிபுலம் நோக்கித் தள்ளாடிக்கொண்டிருந்தேன். வேகம் பாதியாகிவிட்டது. சற்று நேரம் கழித்துப் பின்னால் ஒரு சங்கிலி கிறீச்சிடும் சத்தம். திரும்பினால், சாதாரணச் சைக்கிளில் ஒரு பெரியவர். கைப்பிடியில் தூக்குச்சட்டி, பின்னால் கட்டியிருந்த கோணிப்பையில் கொல்லறும் மட்டப்பலகையும். எங்கேயோ கட்டிட வேலைக்குப் போகிறார். முந்திக்கொண்டு போவார் என்று நினைத்தேன். போகவில்லை. என் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தார். இரண்டு கிலோமீட்டர் இருக்கும். சாளுவன்குப்பத்துக்கு முன்னால் ஒரு சந்தில் திரும்பும்போது, ‘காத்த நல்லா மறைச்சுக் குடுத்தீங்க சார்’ என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஆறு வாரம் பயின்று பெற்ற ஞானத்தை யாரும் அவருக்குக் கற்றுத்தந்திருக்க மாட்டார்கள்.

அன்று மாலை தியாகராய நகர் வழியாக, துரைசாமி சுரங்கப்பாதையைக் கடந்து, மேற்கு மாம்பலத்தில் அக்கா வீட்டுக்குப் போனேன். அப்பா அங்கேதான் இருக்கிறார். அப்போது எண்பத்திரண்டு வயது. கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த காற்று விஷயத்தை அவரிடம் சொன்னேன். அவருக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ‘அதத்தானே தினம் சொன்னேன்’ என்றார். அத்தனை வருடங்கள் அந்தக் காற்றில் தனியாகப் போனீர்களே என்றேன். சற்றுக் குரல் தழுதழுத்திருக்க வேண்டும்.

அப்பா விசித்திரமாகப் பார்த்தார். ‘தனியாவா? யாரு சொன்னா? அஞ்சு பேரு போவோம்டா. மந்தவெளிலேர்ந்து ரெண்டு பேரு, அடையாறு பாலத்துல ரெண்டு பேரு சேந்துக்குவாங்க. லேத்துல ஒருத்தர் இருந்தார், ஆறடி ஆளு. காத்து ஜாஸ்தியா இருந்தா அவர முன்னால விட்டுடுவோம். அவருக்கு மூச்சு வாங்கினா நான் போவேன்.’

எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று மாதங்களாக நான் சுமந்துகொண்டிருந்த சித்திரத்தில் நான்கு பேரைக் காணவில்லை. அவர்களுக்கு ஒரே நிறச் சட்டை இல்லை, அவ்வளவுதான்.

‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்றேன்.

‘டி.வி.எஸ். 50 வந்துது. எம்பதுலயோ என்னவோ. லேத்துக்காரர்தான் மொதல்ல வாங்கினார்.’ காற்றை மறைத்தவர் முதலில் போய்விட்டார். பிறகு ஒவ்வொருவராக வாங்கினார்கள். கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருடங்கள் அப்பா மட்டும். ‘நீங்க ஏன் வாங்கல?’ என்று கேட்டேன். ‘தவணை கட்டணுமே’ என்றார். அதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை என்பது போல, தொலைக்காட்சியின் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பன்னிரண்டு வருடங்களில்தான் அக்காவின் திருமணமும் என் கல்லூரியும் நடந்தன. அதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூன் 19 அன்று அந்த மாதத்துக்கு அரிதான பெருமழை கொட்டியது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். எங்கள் கோடை அத்தோடு முடிந்தது. குழுவோடு இப்போதும் போகிறேன். ஒரு நிமிடம் ஆனதும் கால் எப்படி இருந்தாலும் ஒதுங்கிவிடுகிறேன். காசாளருக்கு அதில் திருப்தி.

மழைக்குச் சில நாட்கள் முன்பு, ஒரு மாலை ஐந்தரை மணிக்குக் கிண்டியிலிருந்து மயிலாப்பூருக்குச் சைக்கிளில் வந்தேன். சர்தார் படேல் சாலையில் பேருந்துகளும் கார்களும் நெரித்துக்கொண்டிருந்தன. ராஜ் பவனைத் தாண்டியதும் காற்று முகத்தில் பட்டது. நேர் எதிரே, கிழக்கிலிருந்து, லேசான உப்பு வாசனையோடு. அடையாறு வரை அது விடவில்லை. முன்னால் பிடித்துக்கொள்ளச் சைக்கிள் ஒன்றும் இல்லை. பின்னால் யாராவது ஒட்டிக்கொண்டு வருகிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.