ஒட்டுப் போர்வை

பினாங்கில் போர்வைக்கு என்ன அவசியம் என்று கேட்பவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. பூமத்திய ரேகைக்கு ஐந்து பாகை வடக்கே இருக்கும் இத்தீவில் பனிக்காலம் என்று ஒன்று கிடையாது. நள்ளிரவிலும் வெப்பம் 24 பாகைக்கு அருகிலேயே நிற்கும். ஆயினும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், கடற்காற்றோடு சாரலும் சேர்ந்து வீசும் பின்னிரவு வேளையில், ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளுக்கு முன்னால் தூணும் கூரையுமாக நீண்டு கிடக்கும் அஞ்சடியில், ஈரம் ஊறிய சிமெண்டுத் தரைமேல் அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துப் போட்டுப் படுத்திருக்கும் கிழவர் ஒருவரின் கையைத் தொட்டுப் பார்த்தவர்கள் அக்கேள்வியை மறுபடியும் கேட்கமாட்டார்கள். அவருக்குக் குளிர் ஆகாயத்திலிருந்து வருவதில்லை, தரையிலிருந்து வருகிறது. கொசு வேறு; விளக்கு வெளிச்சம் வேறு; உறங்கும் முகத்தை வழிப்போக்கர்கள் பார்த்துக்கொண்டு போகிறார்களே என்னும் கூச்சம் வேறு.

இவர்கள் எவ்வாறு தெருவுக்கு வந்தார்கள் என்பதற்கு ஒரே விடை இல்லை. பிள்ளைகளோடு மனஸ்தாபம் கொண்டு வெளியேறியவர், முதுமையில் வேலை இழந்தவர், சிறையிலிருந்து மீண்டு போக்கிடம் அற்றவர், போதைக்கோ மனநோய்க்கோ ஆட்பட்டவர் எனப் பலர். ஆனால் ஜார்ஜ் டவுனுக்கென்றே உரிய காரணம் ஒன்றும் உண்டு. அதைப் பேசுவோர் இப்போது குறைந்துவிட்டனர். பழைய கட்டடங்களின் வாடகை ஏறாதபடி காத்துவந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் ரத்தாகி, அதற்குப்பின் அளித்த அவகாசமும் 1999ஆம் வருஷத்தோடு தீர்ந்தபோது, சொற்ப வாடகை கொடுத்து மாடியறைகளில் ஒண்டியிருந்த தொழிலாளிகளும் சிறு வியாபாரிகளும், தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்த குடும்பங்களும் வெளியேற நேர்ந்தது. 2008 ஜூலையில் யுனெஸ்கோ இந்நகரை உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தது. அது நமக்குப் பெருமைதான். எனினும் தங்கும் விடுதிகளாகவும் காபிக் கடைகளாகவும் புதுப்பொலிவு பெற்ற அவ்வீடுகளில் பழைய குடிகளுக்கு இடமில்லாமற் போயிற்று என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். தெருவில் கிடப்போரை மாஜிஸ்திரேட்டின் உத்தரவின்பேரில் நல்வாழ்வு இல்லத்தில் சேர்க்க 1977ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இடமளிக்கிறது. அதற்கு அஞ்சி, உதவி செய்ய வருபவரைக் கண்டாலும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு விலகிப் போகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களுடைய அச்சத்தில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மார்க்கெட் தெருவின் ஜவுளிக்கடைகளிலும் தையற்கடைகளிலும் மிஞ்சும் துண்டுத்துணிகள், ஹோட்டல்கள் கழிக்கும் படுக்கை விரிப்புகள், வீடுகளிலிருந்து வரும் சேலைகள், கைலிகள் ஆகியவற்றையெல்லாம் சேகரித்து, எங்கள் அக்கம்பக்கத்துப் பெண்மணிகள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வீட்டின் முன்கூடத்தில் கூடித் தெருவில் உறங்குவோருக்காகப் போர்வை தைக்கிறார்கள். பொத்தானையும் ஜிப்பையும் பிரித்தெடுப்பதும், துணியைக் கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்துக் காயவைப்பதும் என் பங்கு. இது அற்பமான வேலையன்று. ஒரு பொத்தான் தப்பி உள்ளே தங்கிவிட்டால், இரவு முழுவதும் அது ஒருவரின் விலாவைக் குத்தும். முன்னதாகச் சுருங்காத பருத்தித்துணி, தைத்தபின் முதல் மழையிலேயே சுருங்கிப் போர்வை முழுவதையும் கோணச் செய்யும்.

தானமாக வருவனவற்றில் பளபளப்பான பாலியஸ்டர் சேலைகளே மிகுதி. அவை வேர்வையை உறிஞ்சா, உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அவற்றை ஒதுக்கிவிட்டுப் பழங்கைலிகளைத்தான் நாங்கள் பொறுக்குகிறோம். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்து, பழவேற்காட்டின் பெயரை மலாய்மொழியில் இன்றும் தாங்கி நிற்கும் அந்தக் கட்டம்போட்ட துணி, பல்லாண்டு துவைப்பில் பெறும் மென்மைக்கு ஈடாக வேறெதையும் நான் அறியேன். கைலி இரண்டு மடிப்பு நடுவில்; மேலே துண்டுகளை இணைத்த முகப்பு; அடியில் அழுக்குத் தெரியாத கருநிறக் கெட்டித்துணி. நான்கு விரற்கடைக்கு ஒன்றாக ஓட்டுத்தையல் போடாவிட்டால் உள்துணி துவைப்பில் நழுவி ஒரு மூலையில் திரண்டுவிடும். ஓரத்தை இருமுறை மடித்துத் தைத்து, சுருட்டிக் கட்ட இரண்டு நாடாக்களையும் வைத்துவிட்டால் போர்வை பூர்த்தியாகும்.

இந்த நாடா யோசனை எங்களுடையதன்று. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து ஹாப் பாட்டம் என்னும் சிற்றூரில், ஃப்ளோ வீட்லி என்ற அம்மையார் 1980களில் பழந்துணிகளால் வீடற்றோர்க்குப் படுக்கைப் பைகள் தைக்கத் தொடங்கி, அவற்றைச் சுருட்டிக் கட்டுவதற்குப் பழைய கழுத்துப்பட்டைகளையே வாராக அமைத்தார். அழகு பாராமல் தைப்பதே அவருடைய கொள்கை. அங்கே உறைபனி பகை. ஆகையால் கனம் வேண்டியிருந்தது. நம் நாட்டுக்கு அந்தக் கனமே பகையாகும்.

இந்தக் காரியத்தின் அவசியத்தை உலகத்துக்கு உறைக்கும்படி உணர்த்தியவர், 1999இல் தில்லியில் 'கூஞ்ச்' என்னும் அமைப்பைத் தோற்றுவித்து 2015இல் மகசேசே விருது பெற்ற அன்ஷு குப்தா என்பேன். தில்லித் தெருக்களில் அநாதைப் பிணங்களைச் சேகரிக்கும் ஏழை ஒருவரின் சிறு மகள், குளிர் தாங்காத இரவுகளில் பிணத்தைக் கட்டிக்கொண்டு தூங்குவதாகவும், அது புரண்டு படுத்துத் தொந்தரவு செய்வதில்லை என்றும் கூறினாளென்று அவர் பல மேடைகளில் எடுத்துச் சொல்லியிருக்கிறார். வெள்ளத்துக்கும் பூகம்பத்துக்கும் உடனே துணி அனுப்பும் நாம், வருஷந்தோறும் தவறாமல் வரும் குளிரை ஒரு விபத்தாகக் கருதுவதில்லை. அவருடைய அமைப்பில் உடுத்தத் தகாத துணிகள் அடுக்கித் தைக்கப்பட்டு, பீகாரில் 'சுஜ்னி' என்று வழங்கும் மெத்தை விரிப்புகளாகின்றன.

எங்கள் கூட்டத்தில் ஒருமுறை ஓர் அம்மாள், "இல்லாதவங்கதானேன்னு கந்தலையா கொடுக்கிறது, அண்ணே? புதுசா வாங்கிக் கொடுத்திடலாமே" என்று கேட்டார். நல்ல உள்ளத்திலிருந்து வந்த கேள்வி. புலாவ் திக்குஸில் எதிரெதிரே நிற்கும் 1803ஆம் வருஷத்துப் பர்மியக் கோயிலுக்கும் 1845ஆம் வருஷத்துச் சயாமியக் கோயிலுக்கும் போயிருப்போர், அங்குள்ள பிக்ஷுக்களின் சீவர ஆடை துண்டு துண்டாக இணைத்துத் தைக்கப்பட்டிருப்பதைக் கண்டிருக்கலாம். மகத நாட்டு வயல்களின் வரப்புகளைச் சுட்டிக்காட்டி அவ்வாறே தைக்கும்படி புத்தர் ஆனந்தருக்குப் பணித்தார் என்பது விநய நூற்செய்தி. ஒட்டுப்போட்ட ஆடையை அணிந்தவர்முன் அரசர்கள் வணங்கி நின்றார்கள். ஆகவே ஒட்டில் இழிவில்லை. அழுக்கோடும் கிழிசலோடும் தூக்கி எறிவதில்தான் இழிவு இருக்கிறது. ஜப்பானியர் ஆட்சியில் துணிப்பஞ்சம் வந்து, தோட்டத்து ஜனங்களும் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களும் சாக்கை உடுத்தித் திரிந்ததை என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். அவள் கடைசிவரையில் ஒரு சாண் துணியையும் குப்பையில் போட்டதில்லை.

எங்களைத் திருத்தியவர்கள் போர்வையைப் பெற்றுக்கொண்டவர்களே. ஒரு மழையிரவில், சூலியா தெருவுக்கு அருகே ஒரு பெரியவர் போர்வையை உடனே போர்த்திக்கொள்ளாமல், விளிம்பை விரல்களால் நெருடிப் பார்த்துவிட்டு, "நனைஞ்சா காயுமா, தம்பி? காலையில கடை திறக்குறதுக்குள்ள சுருட்டணும். ஈரத்தோட தூக்கிட்டு எங்கே போறது?" என்று கேட்டார். அதுவரை நடுவில் பஞ்சு வைத்துத் தைத்துவந்ததை நாங்கள் அன்றோடு நிறுத்தினோம். மயில் உடுத்தாது, போர்த்தாது என்று அறிந்திருந்தும் தன் போர்வையை அதற்கு ஈந்த வையாவிக் கோப்பெரும் பேகனைப் பரணர் போற்றினார். அந்த வள்ளன்மையை நானும் வணங்குகிறேன். ஆயினும் மயிலுக்கு வாய் இல்லை, மனிதனுக்கு உண்டு. பெறுகிறவனிடம் ஒரு வார்த்தை கேளாமல் கொடுப்பது, அவனையும் மயிலாகவே பாவிப்பதாகும்.

கேட்கத் தொடங்கியபின் விடைகள் வந்துகொண்டே இருக்கின்றன. கால்மாட்டில் சாக்கைப்போல் மடித்துத் தைத்தால் கொசு நுழையாது என்றார் ஒருவர். வெள்ளைத்துணி வேண்டாம், பிணத்தை மூடினாற்போல் இருக்கிறது என்றார் ஒரு மாது. அது முதல் முகப்பில் வெள்ளையே சேர்ப்பதில்லை. அண்மையில் ஓர் இளைஞர் தலைமாட்டின் உட்புறத்தில் ஒரு பை வேண்டும் என்றார். உறக்கத்தில் அடையாள அட்டை களவு போய்விட்டதாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் குடிமக்களுக்கு உரிய ஒரு ரிங்கிட் கட்டணத்தில் மருந்து வாங்கவும், உதவித்தொகைக்கு மனுப் போடவும், கூலி வேலைக்குப் பெயர் கொடுக்கவும் அந்த அட்டை அல்லவா முதலில் வேண்டும்? ஆகையால் இப்போது ஒவ்வொரு போர்வையிலும் அட்டை கச்சிதமாக அமரும் அளவுக்கு ஒரு சிறு பை தைக்கிறோம். அதன் வாயைப் பொத்தானால் மூடாமல், ஒரு துணி மடிப்பை மேலே கவித்துவிடுகிறோம். உறங்குகிறவருடைய கன்னத்தில் அது உறுத்தாது.