குமிழுக்கு முன்னால் நாற்காலி

மதுரையில் ஒரு மெல்லிசைக் குழு ஒத்திகை பார்க்கும் மாடி அறை 12 அடிக்கு 18 அடிதான். அதற்குள் டிரம்ஸ், தபலா, ஆக்டோபேட், கீபோர்டு, லீட் கிட்டார், பேஸ் கிட்டார், பாட இரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண வரவேற்பு. நான் போனபோது மிக்சரில் உட்கார வேண்டியவர் ஆம்பைத் தூக்கிக்கொண்டு இடம் பார்த்துக்கொண்டிருந்தார். குழுவில் அவரை எல்லாரும் ‘சவுண்டு அண்ணன்’ என்கிறார்கள்.

“மேடையில வரிசையாத்தானண்ணே நிப்போம், இங்க எதுக்கு வட்டம்?” என்றார் பேஸ் வாசிக்கும் இளைஞர்.

“அங்க சனத்துக்கு வாசிக்கிறீங்க. இங்க ஒருத்தர் வாசிக்கிறது இன்னொருத்தருக்குக் கேக்கணும் தம்பி.”

முதலில் டிரம்ஸுக்கு இடம் பிடித்தார். ஆக்டோபேடின் ஒலியைக் குமிழைத் திருகிக் குறைக்கலாம். டிரம்ஸில் அந்த வசதி இல்லை. அதனால் அறையின் ஒலி அளவை அதுதான் தீர்மானிக்கிறது. அதன் பின்சுவரில் ஒரு பழைய ஜமக்காளம் தொங்கியது. மற்ற சுவர்களில் முட்டை அட்டை. அதைப் பற்றிக் கேட்டதும் சிரித்தார். அது கீச்சொலியைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். சத்தம் வெளியே போவதைத் தடுக்காது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

பேஸ் ஆம்ப் மூலையில் இருந்தது. இளைஞரை ஒரே ஸ்வரத்தை விடாமல் வாசிக்கச் சொல்லிவிட்டு, என்னை அறைக்குள் நடக்கச் சொன்னார். சுவரோரம் நெஞ்சில் இடித்த ஒலி, நடு அறைக்கு வந்ததும் மெலிந்துவிட்டது. இதற்குக் கணக்கு உண்டு. பேஸ் கிட்டாரின் அடித்தந்தி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. அதன் ஒலி அலையின் நீளம் 8 மீட்டருக்கு மேல், இந்த அறையின் நீளத்தைவிட அதிகம். 12 அடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் சுவர்கள் ஏறக்குறைய 47 அதிர்வில் வரும் ஒலியைத் தங்களுக்குள் மாற்றி மாற்றி எறிந்து பெருக்கும். சுவரோரம் அது வீங்கும், நடுவில் வற்றும். மூலை என்றால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து தூக்கிக் கொடுக்கும். ஆக, மூலைக்குப் பக்கத்தில் இருக்கும் டிரம்மர் “பேஸைக் குறை” என்பார், நடுவில் நிற்பவர் “கூட்டு” என்பார். இரண்டு பேர் சொல்வதும் சரி. ஆம்பை மூலையிலிருந்து வெளியே இழுத்து, அந்த இடத்தில் ஓர் இலவம்பஞ்சு மெத்தையைச் சாய்த்துவைத்தார். அடித்தந்தி விஷயத்தில் மெத்தையால் பெரிதாக ஒன்றும் ஆகாது, இழுத்துவைத்ததுதான் வேலை செய்தது என்று அவரே ஒப்புக்கொண்டார்.

லீட் கிட்டார் ஆம்ப் தரையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிக்கு ஏறி, லேசாகப் பின்னால் சாய்ந்தது. ஆம்பின் கூர்மையான ஒலி நேர்கோட்டில்தான் போகும். தரையில் இருந்தால் அது வாசிப்பவரின் முழங்காலைத் தாண்டி எதிரே நிற்கும் பாடகியின் காதுக்குப் போய்விடும். வாசிப்பவரோ தனக்குக் கேட்கவில்லையென்று இன்னும் ஏற்றுவார். ஒத்திகை அறைச் சண்டைகளில் பாதி இப்படித்தான் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

பாடகர்களின் கையில் ஷூர் எஸ்.எம். 58, 1966-இல் வந்த மைக். அதன் பின்பக்கம்தான் ஒலியை மிகக் குறைவாக வாங்கும் பக்கம். ஆகவே ஸ்பீக்கர் அந்தத் திசையில் இருக்க வேண்டும். நடுவில் ஒருமுறை மைக் கூவியது. பாடகர் பதறி அதன் தலையைக் கையால் பொத்தினார், கூவல் இரட்டித்தது. பொத்தினால் பின்பக்கத் துளைகள் அடைபட்டு மைக் எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை இழுக்கும். அண்ணன் கையை விலக்கச் சொல்லிச் சைகை காட்டினார்.

100 டெசிபலில் ஒரு நாளைக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில்நலப் பரிந்துரை. சின்ன அறையில் டிரம்ஸ் அந்த அளவைச் சுலபமாகத் தொடும். அண்ணனின் இடது காதில் எந்நேரமும் ஒரு ரீங்காரம் உண்டு. விளம்பரத் தட்டியில் பாடகர் படம் இருக்கும், கீபோர்டுக்காரர் பெயர் இருக்கும், இவர் இருக்கமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இந்த வட்டம் செல்லாது. மண்டபத்தில் பாக்ஸ் எங்கே நிற்பது என்பதைப் பெரும்பாலும் பூ அலங்காரக்காரர்தான் முடிவு செய்வார் என்றார் அண்ணன். மணமக்கள் படத்தில் கறுப்புப் பெட்டி விழக் கூடாதாம்.