லிங்கன் அவென்யூவில் 1934

சனிக்கிழமைதோறும் எனக்குப் பியானோ வகுப்பு. ரெட் லைன் ரயிலில் வந்து ஃபுல்லர்ட்டன் நிலையத்தில் இறங்கி, அப்பாவும் நானும் லிங்கன் அவென்யூ வழியாக நடப்போம். 2008. எனக்குப் பத்து வயது. கோடை விடுமுறைக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. ஒரு சனிக்கிழமை தெருமுனை திரும்பியதும் அப்படியே நின்றுவிட்டேன். எனக்குத் தெரிந்த கடை ஒன்றையும் காணோம். முகப்புகளில் வேறு பெயர்கள், வேறு வகை எழுத்துகள். ஓரமாகக் கருப்புக் கருப்பாகப் பழைய கார்கள், வட்ட விளக்குகளோடு, வண்டு மாதிரி. பயோகிராஃப் அரங்கில் அப்போது நாடகங்கள்தான் நடந்துகொண்டிருந்தன. அதன் நெற்றிப் பலகையில் அன்று 'மன்ஹாட்டன் மெலோட்ராமா' என்ற சினிமாவின் பெயர். அதற்குக் கீழே, உள்ளே குளிர்ந்த காற்று கிடைக்கும் என்று ஆசைகாட்டும் ஒரு விளம்பரம்.

"கடையெல்லாம் எங்கங்கப்பா?"

"உள்ளயேதான் இருக்குது கண்ணு. சினிமா எடுக்க மேல வேற சட்டை மாட்டிவிட்டிருக்காங்க."

அன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு மறுபடி வந்தோம். சிகாகோவில் அந்த மாதத்து இரவுக்கு ஜாக்கெட் வேண்டும். நான் கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டுக்கொண்டு தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றேன். அந்தப் பக்கம் எல்லோரும் மெல்லிய சட்டையும் கையில்லாத கவுனுமாகக் கொடும் வெயிற்காலத்தில் நடந்துகொண்டிருந்தார்கள். வெகு தூரத்தில் வெள்ளைச் சட்டையும் வைக்கோல் தொப்பியுமாக ஒருவர் நின்றார். அது ஜானி டெப்தானா, அவருக்குப் பதில் நின்ற ஆளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் பார்த்தது ஜான் டிலிஞ்சரை. அன்றைக்கு எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

ரயிலில் திரும்பும்போது அப்பா கதையை ஆரம்பித்தார். அப்பாவுக்குக் கதை சொல்லும்போது தேதி வேண்டும். தேதி இல்லாவிட்டால் கதை நகராது. 1934 ஜூலை 22, ஞாயிற்றுக்கிழமை. ஊரே வெந்துகொண்டிருந்த நாள். முப்பத்தொரு வயது வங்கிக் கொள்ளைக்காரன் டிலிஞ்சர் இரண்டு பெண்களோடு இந்த அரங்குக்குப் படம் பார்க்க வந்தான். அவர்களில் ஒருத்தி, ருமேனியாவிலிருந்து வந்த ஆனா சேஜ், அவன் வரும் விஷயத்தை முன்பே போலீசுக்குச் சொல்லியிருந்தாள். அவள் உடுத்தியிருந்தது ஆரஞ்சுப் பாவாடை. அரங்கின் விளக்கொளியில் அது சிவப்பாகத் தெரிந்ததால் 'சிவப்பு உடைக்காரி' என்ற பெயர் அவளுக்கு நிலைத்துவிட்டது. உள்ளே ஓடிய படத்திலும் ஒரு குற்றவாளிதான். கடைசியில் மின்சார நாற்காலிக்குப் போகும் பாத்திரம், கிளார்க் கேபிள் நடித்தது. படம் விட்டு வெளியே வந்ததும் மெல்வின் பர்விஸ் என்ற மத்திய அரசு அதிகாரி சுருட்டுப் பற்றவைத்து அடையாளம் காட்டினார். டிலிஞ்சர் பக்கத்துச் சந்துக்குள் ஓடினான். அங்கேயே விழுந்தான்.

"அவன் கெட்டவனாங்கப்பா?"

அப்பா உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு நிலையம் தாண்டியபிறகு, "கொள்ளைக்காரன்தான் கண்ணு. ஆனா அன்னிக்கு ஜனங்களுக்கு அவன் மேல கோபம் வரல. அவங்க கோபமெல்லாம் பேங்க் மேல இருந்துச்சு" என்றார்.

அந்த வாக்கியம் எனக்கு விளங்கியது செப்டம்பரில். லீமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி கவிழ்ந்த வாரம் வீட்டில் டிவி அணையவே இல்லை. ஒரு மாலை அப்பா எங்கள் வங்கிக்கு என்னை அழைத்துப்போய், கதவில் ஒட்டியிருந்த சிறிய அறிவிப்பைக் காட்டினார். வைப்புத் தொகைக்கு அரசாங்கம் பொறுப்பு என்று சொல்லும் வாசகம். அதற்கு முன் நூறு தடவை அந்தக் கதவைத் தள்ளியிருப்பேன், படித்ததில்லை. 1930 தொடங்கி மூன்று, நான்கு வருடத்தில் இந்த நாட்டில் ஏறக்குறைய 9,000 வங்கிகள் மூடிவிட்டன என்றார். சேர்த்துவைத்த பணம் சொல்லாமல் கொள்ளாமல் போயிற்று. வேலைக்குப் போகக்கூடியவர்களில் நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. அதற்குப் பிறகுதான் இந்த உத்தரவாதம் வந்தது. 1934 ஜனவரி 1 முதல், ஒருவருக்கு 2,500 டாலர்வரை. நாங்கள் கதவு முன்னால் நின்ற சில நாட்களில், அக்டோபரில், அது 2,50,000 டாலராக உயர்ந்தது. டிலிஞ்சரை நினைக்கும்போதெல்லாம் இன்றும் எனக்குத் துப்பாக்கிக்கு முன் அந்தக் கதவுதான் ஞாபகம் வரும்.

டிசம்பரில் அப்பாவுக்கு வேலை போயிற்று. எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். ஒரு வெள்ளிக்கிழமை மதியமே அட்டைப்பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். அதில் என் படம், ஒரு தேநீர்க் கோப்பை, மணிப்பிளான்ட் தொட்டி. அம்மா தொட்டியை வாங்கிச் சமையலறை ஜன்னலில் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உப்புமா கிளறினாள். மறுவாரம் முதல் பியானோ வகுப்பு கிடையாது. அதை அப்பா என்னிடம் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் இருக்கிறதே, வேலை போனதைச் சொல்லக்கூட அவருக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை.

2009 ஜூலையில் மைக்கேல் மானின் 'பப்ளிக் எனிமீஸ்' வந்தது. சினிமாவுக்குச் செலவழிக்கும் நிலையில் நாங்கள் இல்லை. ஆனாலும் "நம்ம தெருவு கண்ணு" என்று மட்டும் சொல்லி மூன்று டிக்கெட் வாங்கினார் அப்பா. பெரியவர்கள் துணையில்லாமல் என் வயதுக்கு அனுமதி இல்லாத படம். இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். டிலிஞ்சர் கவுன்ட்டரைத் தாண்டிக் குதித்தபோது என் கால்கள் தானாக எழும்பின. மரத்துப்பாக்கியைக் காட்டிச் சிறையிலிருந்து தப்பி, பெண் ஷெரிஃபின் காரையே ஓட்டிக்கொண்டு போகிறானே, அது கற்பனை இல்லை. 1934 மார்ச் 3 அன்று இண்டியானாவின் கிரவுன் பாயின்ட்டில் நடந்தது. திருட்டுக் காரோடு மாநில எல்லையைத் தாண்டியதுதான் அவன் செய்த தவறு. மத்திய அரசின் ஆட்கள் துரத்த அது ஒன்றே போதுமான காரணமாயிற்று.

ஓர் இடம் உண்டு. கொள்ளை நடக்கும்போது வாடிக்கையாளர் ஒருவர் பயத்தில் தன் பணத்தைக் கவுன்ட்டரில் வைப்பார். அதை எடுத்துக்கொள், நாங்கள் வந்தது வங்கியின் பணத்துக்கு என்பான் டிலிஞ்சர். அரங்கில் யாரோ கை தட்டினார்கள். நானும் தட்டினேன். திரும்பிப் பார்த்தால் அப்பா தட்டவில்லை. அவர் கண் அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்கும் மனிதர் மேலேயே இருந்தது; காட்சி மாறியபிறகும் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் லிங்கன் அவென்யூ வந்தது. நான் நின்ற இடத்தைத் திரையில் தேடினேன். அதற்குள் சுட்டுவிட்டார்கள்.

அடுத்த ஒரு மாதம் வீட்டில் நான்தான் டிலிஞ்சர். சோபாவின் முதுகைத் தாண்டிக் குதித்து, சமையலறை மரக்கரண்டியை நீட்டி, அம்மாவிடம் நாணயங்களைப் பறிமுதல் செய்வேன். ஒருநாள் அப்பா மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கி, "ஓமேலி யாரு, தெரியுமா சாமி?" என்றார். ஈஸ்ட் சிகாகோ வங்கிக் கொள்ளையில் சுடப்பட்டு இறந்த போலீஸ்காரர், வில்லியம் பேட்ரிக் ஓமேலி. 1934 ஜனவரி 15. டிலிஞ்சர் மேல் சாட்டப்பட்ட ஒரே கொலை. அந்த வைப்பு உத்தரவாதம் வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. "வெளையாடு. வேண்டாங்கல. அவரையும் சேத்து வெளையாடு" என்றார். ஓமேலியாக யார் நிற்பது? வீட்டில் ஆளில்லை. கரண்டியைக் கழுவி வைத்துவிட்டேன்.

ஆகஸ்டில் அப்பாவுக்கு வேறு வேலை கிடைத்தது. சேருவதற்கு முந்தைய வாரம், விஸ்கான்சின் வடகோடியில் மானிட்டோவிஷ் வாட்டர்ஸ் என்ற ஊருக்குக் காரில் போனோம். கிட்டத்தட்ட நாள் முழுக்கப் பயணம். அங்கேதான் லிட்டில் பொஹிமியா விடுதி இருக்கிறது. 1934 ஏப்ரலில் டிலிஞ்சர் கும்பல் தங்கியது அங்கே. படத்தின் அந்தப் பகுதியை எடுத்ததும் அதே கட்டடத்தில். சாப்பாட்டுக் கூடத்தின் பழைய ஜன்னல் கண்ணாடிகளைக் குண்டு துளைத்த ஓட்டைகளோடு அப்படியே வைத்திருக்கிறார்கள். என் சுண்டுவிரலை ஒரு துளையருகே கொண்டுபோனேன்.

கும்பல் பின்பக்கமாக இறங்கி ஏரிக்கரையோடு தப்பிவிட்டது. ஒருவரும் பிடிபடவில்லை. அந்த இரவில் பர்விஸின் ஆட்கள் முதலில் சுட்டது, சாப்பிட்டுவிட்டு வாசலில் காரை எடுத்த மூன்று பேரை. மூவருக்கும் டிலிஞ்சரோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. யூஜின் பாய்ஸ்னோ இறந்தார். வேலையில்லாத இளைஞர்களுக்காக ரூஸ்வெல்ட் அரசு நடத்திய காடு வளர்ப்பு முகாமில் வேலை பார்த்தவர் அவர். படத்திலும் அந்தக் காட்சி வருகிறது. நான் பார்த்தேன்தான், ஆனால் என் கண் முழுக்க மாடியில் டிலிஞ்சர் என்ன செய்கிறான் என்பதிலேயே இருந்தது.

"நிறுத்தச் சொல்லிக் கத்தினாங்களாம். காருக்குள்ள ரேடியோ பாடிட்டிருந்துச்சு. கேக்கல" என்றார் அப்பா. ஜன்னலுக்கு வெளியே வாகனங்கள் நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எங்கள் காரும் அங்கேதான் நின்றது.

சாப்பிட்டு வெளியே வரும்போது இருட்டிவிட்டது. பைன் மரங்களுக்கு நடுவே எங்கள் ஹெட்லைட் தவிர வெளிச்சம் இல்லை. அம்மா பழக்கத்தில் ரேடியோவைத் திருப்பினாள். அப்பா எட்டி அதை அணைத்தார். அம்மா அவரைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. பெரிய சாலை வரும்வரை டயர் அடியில் சரளைக்கல் நொறுங்கும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.